உலகமே விண்ணப்பித்த வேலை

2009 ஜனவரியில் பல நாட்டு நாளிதழ்களின் வரி விளம்பரப் பக்கங்களில் ஒரு வேலை அறிவிப்பு வந்தது. தீவுப் பராமரிப்பாளர் தேவை. வேலை ஆறு மாதம். சம்பளம் 1,50,000 ஆஸ்திரேலிய டாலர். தங்குவதற்குக் கடலைப் பார்த்த வீடு. மீன்களுக்கு இரை போட வேண்டும், நீச்சல் குளத்தைச் சுத்தம் செய்ய வேண்டும், தபால் எடுத்து வர வேண்டும். மற்ற நேரத்தில் தீவுகளைச் சுற்றிப் பார்த்து, பார்த்ததை இணையத்தில் எழுத வேண்டும். படிப்பு இவ்வளவு இருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. விண்ணப்பமாக ஒரு நிமிடக் காணொளி அனுப்பினால் போதும்.

ஆறு வாரத்தில் ஏறத்தாழ 200 நாடுகளிலிருந்து 34,684 பேர் காணொளி அனுப்பினார்கள். இணையதளம் முதல் சில நாட்களில் கூட்டம் தாங்காமல் முடங்கியது. கடைசிச் சுற்றுக்கு 16 பேரை, வேலைக்குரிய ஹாமில்டன் தீவுக்கே விமானத்தில் அழைத்துப் போனார்கள். மே 6ஆம் தேதி, இங்கிலாந்தைச் சேர்ந்த பென் சவுத்ஹால் என்ற 34 வயது இளைஞர் தேர்வானார். அந்த அறிவிப்பும் பல நாட்டுத் தொலைக்காட்சிகளில் செய்தியானது.

இதன் பின்னால் இருந்தது பிரிஸ்பேன் நகரிலிருந்த கம்மின்ஸ்நைட்ரோ என்ற நிறுவனம். சிட்னி, மெல்போர்ன் இரண்டுக்கும் அடுத்த வரிசையில்தான் ஆஸ்திரேலியர்களே பிரிஸ்பேனை வைப்பார்கள். வாடிக்கையாளர், குயின்ஸ்லாந்து மாநில அரசின் சுற்றுலா அமைப்பு. அதே ஆண்டு ஜூனில், பிரான்ஸின் கான் நகரில் நடக்கும் விளம்பரத் துறை விருது விழாவில் மக்கள் தொடர்புக்கென்று ஒரு பிரிவை முதன்முறையாகத் தொடங்கினார்கள். அதன் முதல் கிராண்ட் பிரி விருது இந்த வேலை அறிவிப்புக்குப் போனது. வேறு இரண்டு பிரிவுகளிலும் அதற்கே கிராண்ட் பிரி. பெருநகர நிறுவனங்கள் கோலோச்சும் மேடையில் ஒரு மாநிலத் தலைநகரத்து நிறுவனம் மூன்று முறை ஏறியது.

இங்கே இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒரு சின்ன வரி விளம்பரம் எப்படி உலகச் செய்தியானது? அதனால் உண்மையில் ஏதாவது மாறியதா, மாறியிருந்தால் அதை எப்படிக் கண்டுபிடிப்பது? முதல் கேள்வியைப் பலரும் பேசியிருக்கிறார்கள். எனக்கு இரண்டாவதில்தான் ஈடுபாடு அதிகம். ஆனால் முதலாவதைத் தாண்டாமல் அங்கே போக முடியாது.

குயின்ஸ்லாந்துக்கு இருந்த சிக்கல் விசித்திரமானது. கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டு 2,300 கிலோமீட்டர் நீளம். 1981இலேயே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்துவிட்டது. பெயர் தெரியாதவர்கள் குறைவு. ஆனால் அந்தத் திட்டையொட்டி ஏறத்தாழ 900 தீவுகள் இருக்கின்றன, அவற்றில் சிலவற்றில் போய்த் தங்கலாம் என்பது வெளிநாட்டுப் பயணிகள் பலருக்குத் தெரியாது. கடலையும் மணலையும் காட்டும் அழகான விளம்பரம் எடுத்தால் மாலத்தீவின் விளம்பரமும் ஹவாயின் விளம்பரமும் அதே மாதிரிதான் இருக்கும். பத்தோடு பதினொன்றாகப் போய்விடும்.

ஒரே மாதிரியான பொருட்களின் வரிசையில் வேறுபட்டு நிற்கும் ஒன்று மட்டும் மனத்தில் பதிகிறது என்பதை 1933இல் ஜெர்மன் உளவியலாளர் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் சோதனை மூலம் காட்டினார். சுற்றுலா விளம்பரங்களுக்கு நடுவில் இன்னொரு சுற்றுலா விளம்பரம் தனித்துத் தெரியாது. ஓட்டுநர் தேவை, கணக்காளர் தேவை என்ற வரிகளுக்கு நடுவில் தீவுப் பராமரிப்பாளர் தேவை என்பது தனித்துத் தெரியும். பிரிஸ்பேன்காரர்கள் விளம்பரத்தை அது இருக்கக்கூடாத பக்கத்தில் வைத்தார்கள்.

அந்த வரி விளம்பரத்தை நேரில் படித்தவர்கள் சிலர்தான். மற்றவர்களுக்குச் செய்தியாளர்கள் மூலமாகவே விஷயம் போய்ச் சேர்ந்தது. 1965இல் நார்வே ஆய்வாளர்கள் யோஹான் கால்டுங்கும் மாரி ரூகேவும் காங்கோ, கியூபா, சைப்ரஸ் நெருக்கடிகளைத் தங்கள் நாட்டு நாளிதழ்கள் எப்படி வெளியிட்டன என்பதை வைத்து, ஒரு நிகழ்வு செய்தியாவதற்கான பன்னிரண்டு காரணிகளை எழுதினார்கள். எதிர்பாராதது, தனி மனிதரைப் பற்றியது, எளிதில் புரிவது, தொடர்ந்து வளர்வது எனப் போகும் அந்தப் பட்டியல். 2009 ஜனவரி எப்படிப்பட்ட மாதம் என்று நினைத்துப் பாருங்கள். லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்து நான்கு மாதம். ஒவ்வொரு நாளும் வேலை இழப்புச் செய்தி. ஐரோப்பாவில் கடுங்குளிர். பொருளாதாரப் பக்கத்தில் எழுதுபவருக்கு நல்ல செய்தி ஒன்றுகூட இல்லாத நேரத்தில், பவளத்தீவில் ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு தகவல் மேசைக்கு வருகிறது. அதோடு படங்கள், காணொளி, பேட்டிக்குத் தயாரான ஆட்கள். பிறகு விண்ணப்பம், முதல் ஐம்பது பேர், கடைசி 16 பேர், வெற்றியாளர் என்று மாதக்கணக்கில் வளரும் கதை. ஒவ்வொரு நாட்டு இதழுக்கும் தன் ஊர்க்காரர் ஒருவர் போட்டியில் இருந்தார்.

செய்தி அறைகள் எவ்வளவு தூரம் இப்படி வெளியிலிருந்து வரும் சரக்கைச் சார்ந்திருக்கின்றன என்பதை பிரிட்டனின் கார்டிஃப் பல்கலைக்கழகம் எண்ணிப் பார்த்தது. ஐந்து தேசிய நாளிதழ்களின் 2,207 உள்நாட்டுச் செய்திகளை எடுத்துத் துருவியதில், 60 சதவீதம் முழுக்கவோ பெரும்பகுதியோ செய்தி முகமைகளிடமிருந்தோ மக்கள் தொடர்பு தரப்பிலிருந்தோ வந்தவை என்று தெரிந்தது. ஆய்வு 2008இல் வெளிவந்தது. சினிமா உலகத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிதில்லை. 1958இல் நாடோடி மன்னன் படத்துக்கு ஃபிலிம் நியூஸ் ஆனந்தன் பி.ஆர்.ஓ. ஆனதிலிருந்து, படங்களையும் தகவலையும் பத்திரிகை அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ஒரு தொழிலாக இங்கே வேரூன்றியிருக்கிறது. நிருபருக்கு நேரம் மிச்சமாகிறது, அனுப்பியவருக்கு இடம் கிடைக்கிறது. அமெரிக்காவில் இதற்கு 1906ஐத் தொடக்கமாகச் சொல்வார்கள். அந்த அக்டோபரில் அட்லாண்டிக் சிட்டி அருகே ரயில் ஒன்று பாலத்திலிருந்து நீரில் விழுந்து 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதுவரை விபத்துகளை மூடி மறைத்தே பழகிய ரயில் நிறுவனத்தின் சார்பில் ஐவி லீ என்பவர் நடந்ததை எழுதி நிருபர்களுக்குக் கொடுத்தார், இடத்துக்கே அழைத்துப் போய்க் காட்டினார். செய்திக் குறிப்பு பிறந்த கதை அது. உண்மையைத் தானாக முன்வந்து சொன்னதுதான் அதில் புதுமை.

தானே சொல்வதற்கும் பிறர் வாயால் சொல்ல வைப்பதற்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? 1951இல் யேல் பல்கலைக்கழகத்தின் கார்ல் ஹோவ்லண்ட், வால்டர் வைஸ் இருவரும் வெளியிட்ட சோதனையை இன்றைக்குப் படித்தாலும் வியப்பு அடங்குவதில்லை. மாணவர்களிடம் கட்டுரைகளைக் கொடுத்தார்கள். அதில் ஒன்று, அணுசக்தியால் ஓடும் நீர்மூழ்கிக் கப்பலைக் கட்ட முடியுமா என்பது. எல்லாருக்கும் ஒரே கட்டுரை, எழுத்துக்கு எழுத்து மாற்றமில்லை. ஒரு பாதி மாணவர்களுக்கு அது அணு விஞ்ஞானி ஓப்பன்ஹைமர் எழுதியது என்று சொல்லப்பட்டது. மறு பாதிக்கு அது சோவியத் நாளிதழ் பிராவ்தாவில் வந்தது என்று சொல்லப்பட்டது. படித்து முடித்ததும் கேட்டபோது, நம்பத்தகுந்த பெயர் இருந்த குழுவில் பல மடங்கு அதிகமானோர் கட்டுரையின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். இவ்வளவு வரை யாரும் ஊகிக்கக்கூடியதே.

நான்கு வாரம் கழித்து அதே மாணவர்களிடம் மறுபடி கேட்டார்கள். நம்பியவர்களின் நம்பிக்கை கொஞ்சம் தேய்ந்திருந்தது. நம்பாத பெயரில் படித்தவர்களோ, இப்போது கட்டுரையின் பக்கம் கூடுதலாகச் சாய்ந்திருந்தார்கள்! இரண்டு குழுவும் ஏறத்தாழ ஒரே இடத்துக்கு வந்துவிட்டன. கருத்து மனத்தில் தங்கிவிட்டது. அதைச் சொன்னது யார் என்ற குறிப்பு அதிலிருந்து கழன்றுவிட்டது. பின்வந்த ஆய்வாளர்கள் இது எப்போதும் நடப்பதில்லை என்று காட்டினார்கள். செய்தியைப் படித்து முடித்த பிறகு ஆளைச் சொன்னால்தான் பெரும்பாலும் நடக்கிறதாம். அப்படியே இருக்கட்டும். சொன்னவரை மறந்து, சொன்னதை மட்டும் வைத்துக்கொள்ளும் பழக்கம் நம் எல்லாருக்கும் உண்டு என்பதே போதுமான எச்சரிக்கை. 1977இல் இன்னொரு அமெரிக்கக் குழு, மெய்யா பொய்யா என்று உடனே சொல்ல முடியாத வாக்கியங்களை, முறைக்கு 60 வீதம், இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை மாணவர்களிடம் காட்டியது. ஒவ்வொரு முறையும் 20 வாக்கியங்கள் மட்டும் திரும்ப வந்தன. திரும்ப வந்தவை மெய்யாக இருந்தாலும் பொய்யாக இருந்தாலும், அவை உண்மை என்ற எண்ணம் ஏறிக்கொண்டே போனது.

இவ்வளவு வலிமையுள்ள கருவியைக் கையில் வைத்திருப்பவர்கள் அதற்கேற்ற நேர்மையோடு இருக்க வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். தீவு வேலை விஷயத்திலேயே ஒரு சறுக்கல் நடந்தது. தீவின் விளம்பரத்தை உடம்பில் பச்சை குத்திக்கொண்ட ஒரு பெண்ணின் காணொளி, ஆர்வமுள்ள விண்ணப்பதாரர் ஒருவர் அனுப்பியதுபோல வலம் வந்தது. விளம்பரத் தரப்பே தயாரித்தது அது என்று பிறகு தெரியவந்தது. சுற்றுலா அமைப்பு ஒப்புக்கொண்டதால் விவகாரம் அத்தோடு அடங்கியது. 34,684 உண்மையான விண்ணப்பங்கள் வரவிருந்த இடத்தில் அந்தப் பொய்க்குத் தேவையே இருக்கவில்லை.

செய்தி வைரஸ் போலப் பரவியது என்று எழுதுவது இப்போது வழக்கமாகிவிட்டது. ஒருவரிடமிருந்து இருவர், இருவரிடமிருந்து நால்வர் என்ற சித்திரம். ஷரத் கோயல், டங்கன் வாட்ஸ் முதலானோர் ட்விட்டரில் நடந்த நூறு கோடி அளவிலான பகிர்வுகளை எடுத்து, ஒவ்வொன்றும் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று கிளை கிளையாக வரைந்து பார்த்தார்கள். பெரும்பாலானவை முதல் படியிலேயே நின்றுவிடுகின்றன. பெரிதாகப் பரவியவற்றிலும் அதிகமானவை, லட்சக்கணக்கானோர் பின்தொடரும் ஏதோ ஒரு கணக்கு ஒரே வீச்சில் கொண்டு சேர்த்தவை. கைக்குக் கை மாறி, நீண்ட சங்கிலியாக வளர்ந்தவை அரிது. 2009 ஜனவரியில் ஃபேஸ்புக்கில் இருந்தவர்கள் உலகம் முழுவதும் சுமார் 15 கோடி. தீவு வேலையை உலகுக்குச் சொன்னதில் தொலைக்காட்சிக்கும் நாளிதழுக்கும்தான் பெரும்பங்கு.

அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டா? உண்டு, நாம் நினைப்பதைவிடக் கூடுதலாக. அதே வாட்ஸும் மேத்யூ சால்கானிக், பீட்டர் டாட்ஸ் ஆகியோரும் 2006இல் வெளியிட்ட சோதனையை, எந்தச் சாதனைக் கதையைக் கேட்கும்போதும் நான் நினைத்துக்கொள்வேன். யாரும் கேட்டிராத 48 பாடல்கள். 14,000க்கும் மேற்பட்ட ஆட்கள். அவர்களில் ஒரு பகுதியினர், மற்றவர்கள் எதைக் கேட்டார்கள் என்று தெரியாமல் தாங்களாகவே தேர்ந்தார்கள். மீதிப் பேரை எட்டுத் தனித்தனி உலகங்களாகப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எந்தப் பாடலை எத்தனை பேர் பதிவிறக்கினார்கள் என்ற எண்ணிக்கையைக் காட்டினார்கள். எட்டு உலகமும் சுழியத்திலிருந்து தொடங்கின. பாடல்கள் அதே பாடல்கள். முடிவில் எட்டுத் தரவரிசையும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. தனியாகக் கேட்டவர்கள் 26ஆம் இடம் கொடுத்த ஒரு பாடல், ஓர் உலகத்தில் முதலிடம் பிடித்தது, இன்னொன்றில் 40ஆவது இடத்தில் கிடந்தது. மிக நல்ல பாடல்கள் அடிமட்டத்துக்குப் போனது அரிது, மிக மோசமானவை உச்சிக்கு வந்ததும் அரிது. நடுவில் உள்ளவற்றுக்கு எதுவும் நடக்கலாம். முதலில் வந்த சிலர் எதைத் தட்டினார்கள் என்பதே பிறகு வந்த ஆயிரக்கணக்கானோரின் பாதையைத் தீர்மானித்தது.

பிரிஸ்பேன் நிறுவனத்துக்கு இருந்தது ஒரே உலகம். அதில் அது வென்றது. 2009ஐ எட்டு முறை ஓட்டிப் பார்த்திருந்தால் எத்தனை முறை வென்றிருக்கும்?

இங்கேதான் அளவு பற்றிய கேள்வி வருகிறது. தீவு வேலைக்குக் கிடைத்த விளம்பரத்தின் மதிப்பு என்று முதலில் பல பத்து மில்லியன் டாலர் சொன்னார்கள், பிறகு அது சில நூறு மில்லியனாக வளர்ந்தது. இந்த எண்கள் எப்படிப் பிறக்கின்றன என்பதைக் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மக்கள் தொடர்பு அலுவலகங்களில் காலங்காலமாக ஒரு கட்டிங் கோப்பு இருக்கும். வாடிக்கையாளரைப் பற்றி இதழில் வந்ததைக் கத்தரித்து, தாளில் ஒட்டி, மேலே இதழின் பெயரும் தேதியும் எழுதி வைப்பார்கள். பிறகு ஸ்கேல் வைத்து அளப்பார்கள். மூன்று பத்தி அகலம், 20 சென்டிமீட்டர் உயரம் என்றால் 60 பத்தி சென்டிமீட்டர். அந்த இதழின் விளம்பரக் கட்டணம் ஒரு பத்தி சென்டிமீட்டருக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், மதிப்பு 30,000 ரூபாய். செய்தியை விளம்பரத்தைவிட மக்கள் அதிகம் நம்புவார்களே என்று அதை மூன்றால் பெருக்குவாரும் உண்டு. 90,000 ரூபாய் ஆகிவிட்டது. வருடக் கடைசியில் எல்லாவற்றையும் கூட்டி, வாடிக்கையாளரிடம் தடித்த புத்தகமாகக் கொடுப்பார்கள்.

கணக்கில் பிழை இல்லை. ஆனால் அந்த 60 சென்டிமீட்டரில் வாடிக்கையாளரைத் திட்டியிருந்தாலும் மதிப்பு 30,000தான். படித்தவர் யார், படித்தாரா, படித்துவிட்டு எதை மாற்றிக்கொண்டார் என்று ஸ்கேலுக்குத் தெரியாது. மூன்றால் பெருக்குவதற்கு எந்தச் சோதனையும் ஆதாரம் கொடுக்கவில்லை. 2010 ஜூனில் பார்சிலோனாவில் கூடிய, மக்கள் தொடர்பை அளக்கும் தொழிலில் உள்ளவர்கள், ஏழு கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டார்கள். அதில் ஒன்று இந்த விளம்பரக் கட்டணக் கணக்கு மக்கள் தொடர்பின் மதிப்பு ஆகாது என்று திட்டவட்டமாகச் சொல்கிறது. வந்த செய்திகளை எண்ணுவதைவிட, அதனால் நேர்ந்த விளைவை அளக்க வேண்டும் என்பது இன்னொன்று. தன் தொழிலின் பழைய முழக்கோலைத் தானே முறித்துப் போட ஒரு துறை முன்வந்தது மெச்ச வேண்டிய காரியம்.

விளைவை அளப்பது எளிதா? குயின்ஸ்லாந்துக்குப் பயணிகள் கூடினார்களா என்று பார்த்தால் போதாதா? போதாது. 2009இல் உலகம் முழுவதும் நாடு விட்டு நாடு சென்ற பயணிகளின் எண்ணிக்கையே சுமார் 4 சதவீதம் சரிந்தது. ஆஸ்திரேலிய டாலர் அந்த ஆண்டுத் தொடக்கத்தில் சுமார் 65 அமெரிக்க சென்ட்டாக இருந்து, முடிவில் 90 சென்ட் அருகே ஏறியது. வெளிநாட்டவருக்கு ஆஸ்திரேலியா அந்த அளவுக்கு விலை கூடிப்போனது. 2011இல் குயின்ஸ்லாந்தைப் பெருவெள்ளமும், அதை அடுத்து யாசி புயலும் தாக்கின. ஒரே வாரத்தில் மழையும் பெய்து, மதகும் திறந்து, கரையும் கசிந்தால், ஏரியில் நிற்கும் தண்ணீரில் எது எவ்வளவு என்று மட்டத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வேலை அறிவிப்பே இல்லாத இன்னொரு 2009 நமக்கு வேண்டும். அது கிடைக்காது.

கிடைக்காததை ஓரளவுக்கு உருவாக்கிக்கொள்ள முடியும் என்று ஹார்வர்டின் கேரி கிங், பெஞ்சமின் ஷ்னீர், ஏரியல் ஒயிட் மூவரும் காட்டினார்கள். அவர்களின் கட்டுரை 2017இல் சயின்ஸ் இதழில் வந்தது. 48 ஊடகங்களை, பெரும்பாலும் சிறியவற்றை, பேசிச் சம்மதிக்க வைத்தார்கள். சில ஊடகங்கள் சேர்ந்து ஒரு பொருளைப் பற்றி எழுதும். எதை எப்படி எழுதுவது என்பது அவர்கள் விருப்பம். எந்த வாரம் வெளியிடுவது என்பதை மட்டும் குலுக்கல் முடிவு செய்யும். அடுத்தடுத்த இரண்டு வாரங்களில் ஒன்றில் செய்தி வரும், மற்றதில் வராது. வந்த வாரத்தையும் வராத வாரத்தையும் ஒப்பிட்டால், வித்தியாசத்துக்குச் செய்திதான் காரணம் என்று துணிந்து சொல்லலாம். செய்தி வந்த வாரத்தில் அந்தப் பொருள் பற்றி நாடு முழுவதும் நடந்த ட்விட்டர் உரையாடல், ஒரு நாள் அளவோடு ஒப்பிட்டால், சுமார் 63 சதவீதம் கூடியது. கட்சி, பால், ஊர் என்ற வேறுபாடு இல்லாமல் கூடியது. சின்னச் சின்ன ஊடகங்கள் சில சேர்ந்து ஒரு தேசத்தின் பேச்சை நகர்த்த முடிகிறது என்பதை ஊகமாக இல்லாமல் சோதனையாகப் பார்த்தபோது எனக்குச் சிலிர்த்தது.

2013இல் ஆஸ்திரேலியச் சுற்றுலா அமைப்பு பழைய யோசனையை நாடு முழுவதற்கும் விரித்தது. ஆறு மாநிலங்களிலும் பகுதிகளிலும் ஆறு வேலைகள், ஒவ்வொன்றுக்கும் ஆறு மாதத்துக்கு 1,00,000 டாலர். 196 நாடுகளிலிருந்து 3,30,000க்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். இந்த முறை குறி தெளிவாக இருந்தது. வேலை செய்துகொண்டே ஊர் சுற்ற அனுமதிக்கும் விசாவில் இளைஞர்களை வரவழைக்க வேண்டும். எந்தக் கதவைப் பார்த்து எண்ணுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு இறங்கினார்கள். என் பார்வையில் 2009ஐவிட இது ஒரு படி மேல்.

அளவு தெளிவான பிறகு இன்னொன்றும் தெரிய வந்திருக்கிறது. மிகைப்படுத்தினால்தான் இதழ்களில் இடம் கிடைக்கும் என்பது இந்தத் தொழிலின் பழைய நம்பிக்கை. கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் பெட்ரோக் சம்னர், கிறிஸ் சேம்பர்ஸ் குழு, 20 பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் 2011இல் அனுப்பிய 462 செய்திக் குறிப்புகளை மூல ஆய்வுக் கட்டுரைகளோடும் பின்னர் வந்த செய்திகளோடும் வரிக்கு வரி ஒப்பிட்டது. விலங்குகளில் செய்த சோதனையை மனிதருக்கும் பொருந்தும் என்று குறிப்பு ஊதிப் பெருக்கியிருந்தால், அதை வைத்து வந்த செய்திகளில் 86 சதவீதம் அதே தவறைச் செய்தன. குறிப்பு அடக்கமாக இருந்தால் அது 10 சதவீதம்தான். நிருபர்கள்தான் ஊதுகிறார்கள் என்ற குற்றச்சாட்டில் பெரும்பகுதி, அனுப்பும் இடத்திலேயே பிறந்தது. ஊதிய குறிப்புகளுக்குக் கூடுதல் இடம் கிடைத்தது என்பதற்கோ சான்று தென்படவில்லை.

வெறும் ஒப்பீடு காரணத்தை நிரூபிக்காது என்பதால் அதே குழுவினர் அடுத்து சோதனையில் இறங்கினார்கள். பிரிட்டனில் ஒன்பது மக்கள் தொடர்பு அலுவலகங்கள், உடல்நலம் தொடர்பான தங்கள் செய்திக் குறிப்புகளை வெளியிடும் முன்பே ஆய்வாளர்களிடம் கொடுத்தன. மொத்தம் 312 குறிப்புகள். எதில் தலைப்பை அடக்கி எழுதுவது, எதில் 'இது காரணத்தை நிரூபிக்கவில்லை' என்ற வரியைச் சேர்ப்பது என்பதைக் குலுக்கல் சொன்னது. முடிவுகள் 2019இல் வெளிவந்தன. குறிப்பில் எச்சரிக்கை இருந்த இடங்களில், வந்த செய்திகளிலும் அது கூடுதலாக இடம் பெற்றது. அடக்கிச் சொன்னதால் இதழ்களில் இடம் குறைந்தது என்பதற்குத் தடயம் கிடைக்கவில்லை. தங்கள் அன்றாட வேலையையே சோதனைக்குத் திறந்துவிட்ட அந்த ஒன்பது அலுவலகங்களின் செயலை, கான் நகரத்து மூன்று விருதுகளுக்குக் குறையாத சாதனையாகவே நான் கருதுகிறேன்.